தட்டில் விழாத சோறு

குடித்தாயிற்று. இனி ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அப்புறம் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டாள். சும்மா. எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள். பிரம்மசக்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். குளுக்கோஸ் தண்ணீர் இன்னும் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை, தொண்டைக்குழியிலேயே குந்திக்கொண்டு போவதா வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்துதான் கொடுத்தார்கள். இருந்தாலும் விடிந்தும் விடியாமலும் வெறும் வயிற்றில் அந்த இனிப்பு, சே, கல்யாண வீட்டுப் பாயசத்தையே பாதியில் வைத்துவிடுகிறவள் அவள். வாந்தி எடுத்துவிட்டால் எல்லாம் பாழ், இன்னொரு நாள் வந்து முதலிலிருந்து குடிக்க வேண்டும். இன்னொரு நாள் எங்கே கிடக்கிறது? இந்த ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எச்சிலை மென்று முழுங்கினாள். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சு கடித்தது. தலைக்கு மேலே காற்றாடி கடக் கடக் என்று அடித்துக்கொண்டே சுற்றியதே தவிர காற்று கீழே இறங்கவில்லை. சுகாதார நிலையத்துக் கூடத்தில் சுவரோரப் பெஞ்சுகளில் அவளைப் போல இன்னும் சில பெண்கள் முழங்கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே முகம், விளக்கெண்ணெய் குடித்த முகம். மடியில் கிடந்த அவளுடைய விரல்கள் மட்டும் அவள் பேச்சைக் கேட்காமல் பெருவிரலும் ஆள்காட்டியுமாகக் காற்றில் எதையோ சுருட்டிக்கொண்டிருந்தன. பீடி. இலை இல்லை, தூள் இல்லை, மடியில் சுளகு இல்லை, ஆனாலும் விரல் சுருட்டுகிறது. தூக்கத்தில்கூடச் சுருட்டுவதாக அவள் புருஷன் செல்லத்துரை சொல்லிச் சிரிப்பான். விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை பாதியில் எழுந்து போகக் கூடாது. வீட்டை விட்டு இறங்கும்போதே தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தது அதுதான். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. போன தடவை என்றால் இளையவன் கவின் கைக்குழந்தையாக இருந்தபோது, இப்போது அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். இரண்டு பிள்ளைக்கும் மாசமாக இருந்தபோது சர்க்கரை வந்தது, இரண்டு தடவையும் பிள்ளை பிறந்ததும் போய்விட்டது. போயிட்டும்மா, இப்ப நார்மல் என்று பிரசவ வார்டில் யாரோ சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவள் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள். கொடியோடு கொடியாக அதுவும் வெளியே வந்து விழுந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள். ஆனாலும் மூன்றாம் மாதம் வரச் சொன்னார்கள் என்று வந்தாள், இதே தண்ணீரைக் குடித்தாள், இதே சுவரில் சாய்ந்தாள். கவின் வீறிட்டு அழுதான், பால் கட்டி நெஞ்சு வலித்தது, வீட்டிலிருந்து போன் மேல் போன். முதல் ரத்தம்தான் கொடுத்தாச்சே, நன்றாகத்தான் இருக்கும் என்று எழுந்து போய்விட்டாள். முதல் ரத்தத்தில் தெரியாது, தண்ணீர் உள்ளே போய் உடம்பு அதை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும் என்று இன்றைக்குக் காலையில்தான் நர்ஸ் விளங்கச் சொன்னாள். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனசு. தெரியாமல் இருந்தால் மட்டும் வராமல் இருக்குமா என்று இன்னொரு மனசு. இரண்டு மனசும் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டதில் அவளுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல என்ன வெட்கம், பயமாகத்தான் இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கால் மரத்துப்போகுது என்றாள், வயசு என்றார்கள். செருப்பு கழன்று போனது தெரியாமல் சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள், எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். அப்புறம் ஒரு விரலை எடுத்தார்கள், அப்புறம் இன்னொரு விரல், அப்புறம் கரண்டைக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு என்று பொங்கலுக்கு வாங்கிய ஜோடிச் செருப்பில் இடது கால் செருப்பு புதுசாகவே கிடந்தது. மண் படாமல், வார் மடங்காமல். அம்மா போன பிறகும் அதை எடுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை, அண்ணன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இன்னமும் கிடக்கிறது. பிரம்மசக்தி தன் கால் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். தெரிந்தது. தரையின் குளிர்ச்சி தெரிந்தது. மறுபடியும் மடக்கிப் பார்த்தாள்.

போன் அடித்தது. இடுப்பில் செருகியிருந்ததை எடுப்பதற்குள் பக்கத்தில் தூங்கி வழிந்த, அவளைப் போலவே பீடி சுற்றுகிற நூர்ஜஹான் அக்கா திடுக்கிட்டு எழுந்து, “முடிஞ்சிட்டா?” என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அத்தைதான், செல்லத்துரையின் அம்மா. “ஏட்டி சக்தி, குழாயில தண்ணி வந்துட்டு. எப்ப வாரே?” “அத்தை, இன்னும் ரத்தம் எடுக்கலை.” “காலையிலயே எடுத்தாச்சுன்னு சொன்னியே.” “இன்னொரு தடவை எடுக்கணும் அத்தை.” “ஒரு ஒடம்புல எத்தனை தடவைதான் எடுப்பாவ? நான் இந்த முட்டியை வச்சிக்கிட்டு கொடம் தூக்க முடியுமா? இப்ப விட்டா இனி புதன்கிழமைதான் தண்ணி, பாத்துக்கோ.” வைத்துவிட்டாள். அத்தையைச் சொல்லியும் குற்றமில்லை, முட்டி வீங்கி ராத்திரியெல்லாம் முனகுகிறவள், தண்ணீர் இல்லாத வீட்டை நான்கு நாள் எப்படி ஓட்டுவது? செல்லத்துரை மினி பஸ் வேலைக்கு முதல் நடைக்கே போயாயிற்று. தெருக்குழாய் முன்னால் குடங்கள் வரிசையாக நிற்பது பிரம்மசக்தியின் கண்ணுக்குத் தெரிந்தது. தன்னுடைய பச்சைக் குடத்தைப் பின்னால் தள்ளிவிட்டு வேறு எவளோ முன்னால் போவதும் தெரிந்தது. ஒரு ஆட்டோ பிடித்துப் போய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டால் என்ன? நடக்கக் கூடாது, ஓடக் கூடாது, ஒரு வேலையும் செய்யக் கூடாது, அப்படிச் செய்தால் கணக்குத் தப்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வேலையும் செய்யாமல் இருந்தால்தான் என் உடம்பின் கணக்கு இவர்களுக்குப் பிடிபடுமென்றால், என் உடம்பு எந்தக் காலத்தில் அப்படி இருந்திருக்கிறது, அப்போது இது யாருடைய கணக்கு? கால் தன்னால் தரையில் ஊன்றியது. எழுந்திருக்கப் போகிறவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகினாள். செருகிய மேனிக்கே உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பியூலா வந்தாள். உணவு முறை சொல்லிக் கொடுக்கிற பெண், சின்ன வயசு, கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் சாக்பீஸும். “அக்கா எல்லாரும் கொஞ்சம் இப்படிப் பாருங்க, தூங்கிராதீங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து ஓட முடியாதபடி தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டுப் பாடம் நடத்த வருகிறார்களே, கெட்டிக்காரிகள் என்று பிரம்மசக்திக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வாந்தி வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். பியூலா தட்டின் நடுவில் ஒரு கோடு போட்டாள். பாதித் தட்டு காய், மீதியில் ஒரு பங்கு சோறோ இட்லியோ, ஒரு பங்கு பயறோ முட்டையோ மீனோ. சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். “நாங்க எங்கம்மா நடக்க, சுளகை எறக்கி வச்சா அன்னைக்குப் பீடி சுத்தி முடியாது” என்றாள் நூர்ஜஹான் அக்கா, கண்ணைத் திறக்காமலே. சிரித்தார்கள். பியூலாவும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. மாசமா இருக்கும்போது சர்க்கரை வந்தவங்களுக்கு அது போயிட்டுன்னு நினைக்கக் கூடாது, அது திரும்பி வார வழியைப் பாத்து வச்சிட்டுப் போயிருக்கு, வருஷா வருஷம் பாக்கணும், இப்பவே சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணினா வராமலே தடுக்கலாம், எத்தனையோ பேர் தடுத்திருக்காங்க என்றாள். தடுக்கலாம். இந்த வார்த்தையை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லும்போதே வெட்டலாம் என்றுதான் சொன்னார்கள். “சரி, இப்ப ஒவ்வொருத்தரா இந்தத் தட்டை மடியில வச்சிக்கிட்டு, நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லணும். ஒளிக்காம சொல்லணும், நான் ஒண்ணும் உங்க மாமியார் இல்ல.” தட்டு அந்தக் கோடியிலிருந்து புறப்பட்டது. ரெண்டு இட்லி, சோறு, ரசம், ஒரு கூட்டு, ராத்திரி சப்பாத்தி என்று ஆரம்பித்தாள் முதல் பெண். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

நேற்று என்ன சாப்பிட்டேன்? பிரம்மசக்தி தன்னுடையதைத் தயார் பண்ணினாள். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, புளிக்குழம்பு. ராத்திரி ஒன்றும் பெரிசாக இல்லை. இதைச் சொன்னால் போதும், யாருக்கும் குறை சொல்ல வராது. இவ்வளவுதான் சாப்பிடுகிறேன், பிறகு ஏன் எடை ஏறுகிறது, காற்றைக் குடித்தா ஏறுகிறது என்று அவளே செல்லத்துரையிடம் புலம்பியிருக்கிறாள். காலையில் இரண்டு இட்லி. இரண்டு இட்லியா? கவின் ஒரு இட்லியை நான்காகப் பிய்த்துச் சட்னியில் குளிப்பாட்டிவிட்டு எழுந்து ஓடினான், அது அவள் வாய்க்குத்தான் போனது. செல்லத்துரைக்குச் சுட்ட தோசையில் ஓரம் கருகியது, அவன் ஓரத்தை ஒதுக்கி வைப்பான், அதுவும். அத்தை காப்பியில் அரை டம்ளர் எப்போதும் வைத்துவிடுவாள், ஆறிப்போன பாலைக் கீழே ஊற்றவா முடியும், சர்க்கரை போட்ட காப்பி, அதையும் நின்றவாக்கில் கடகடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இதற்கெல்லாம் அப்புறம்தான் இரண்டு இட்லி. இல்லை, அந்த இரண்டு இட்லியையும் சுளகுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் புகையிலைத் தூள் ஒட்டிக் கிடந்ததால் தின்னாமல் விட்டு, மத்தியானம் சோற்றோடு பிசைந்து தின்றாள். மத்தியானம் ஒரு கரண்டி சோறு. அதற்குப் பிறகு சட்டியின் அடியில் ஒட்டிக் கிடந்தது, எடுத்து வைக்கப் போதாது, எறியவும் மனசு வராது, குழம்புச் சட்டியிலேயே போட்டுத் துடைத்து ஒரு உருண்டை. அம்மாவும் அப்படித்தான் மீன் குழம்புச் சட்டியைத் துடைப்பாள். அந்த உருண்டைக்கு அண்ணனும் இவளும் அடித்துக்கொள்வார்கள், கடைசியில் அம்மா வாயில் போட்டுக்கொண்டு, எனக்குச் சட்டியில துடைச்சதுதாண்டி ருசி என்பாள். ருசியாகவா இருந்தது? அம்மாவுக்கு நிஜமாகவே ருசியாக இருந்ததா, இல்லை வேறு இல்லை என்பதால் ருசி என்று சொல்லிச் சொல்லி நாக்கு நம்பிவிட்டதா? கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லையே. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு டிபன் டப்பாவும் பாதிக்குப் பாதி திரும்பி வந்தன, தக்காளிச் சோறு, தொட்டிப் பக்கத்தில் நின்று ஒரு டப்பாவைத் திறந்து ஒரு வாய், இன்னொரு டப்பாவைத் திறந்து ஒரு வாய், டப்பா கழுவ வேண்டுமே, கழுவுவதற்கு முன்னால் காலியாக வேண்டுமே. ராத்திரி உப்புமா. ராத்திரி மீந்த உப்புமா. இதில் எதுவுமே சாப்பாடு இல்லை அவளுக்கு. சாப்பாடு என்றால் தட்டு எடுத்து வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒருத்தர் பரிமாற வேண்டும். இது வேலை. பாத்திரம் கழுவுகிற வேலையில் ஒரு பங்கு. வேலையை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவார்களா?

தட்டு நடுவழியில் நின்றிருந்தது. யாரோ ஒரு பெண் கழுத்தைத் திருப்பிக் காட்ட, பியூலா எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதைப் பாருங்கக்கா எல்லாரும். பிடரியில கருப்பா, வெல்வெட்டுத் துணி மாதிரி தடிச்சு இருக்கு பாத்தீங்களா? இது அழுக்கு இல்ல. சங்கிலி பட்டு வந்த கருப்பும் இல்ல. தேச்சாப் போகாது. உள்ள இன்சுலின் சரியா வேலை செய்யலங்கிறதுக்கு இது ஒரு அடையாளமா இருக்கலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு இருந்தாலும் திட்டாதீங்க, கூட்டிட்டு வாங்க.” பிரம்மசக்தியின் கை தானாகப் பிடரிக்குப் போனது. அங்கே இருந்தது. எத்தனை வருஷமாக இருந்தது, பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், சவக்காரம், எதற்கும் மசியவில்லை, தாலிக்கொடி உரசி உரசிக் கருத்துவிட்டது என்று அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். அது போகட்டும். அது போய்த் தொலையட்டும். சுபி. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூத்தவள் சுபிக்ஷாவின் கழுத்தைப் பார்த்தாள், வயசுக்கு வரப்போகிற பிள்ளைக்குக் கழுத்தில் இப்படி அழுக்கு அடைந்து கிடக்கிறதே, ஒழுங்காகத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா, நாலு பேர் பாத்தா வளத்தவளை என்ன நினைப்பாவ என்று காய்ந்த பீர்க்கங்கூட்டு நாரால் பிடரியைத் தேய்த்துத் தேய்த்து, பிள்ளை, எம்மா எரியுதும்மா, எரியுதும்மா என்று கத்தக் கத்தத் தேய்த்து, தோல் சிவந்து நீர் கோத்துவிட்டது. கருப்பு போகவில்லை. இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தைத் திருப்பாமல் போய் வந்தாள் சுபி. பிரம்மசக்திக்கு இப்போது தன் பிடரியே எரிந்தது. என் பிள்ளையின் உடம்பு என்னிடம் எதையோ சொல்லியிருக்கிறது, நான் அதைத் தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறேன். பதினொரு வயசு. இன்னும் பாவாடை நாடாவை ஒழுங்காகக் கட்டத் தெரியாது. இரண்டு பிள்ளைக்கும் வந்ததே என்று டாக்டர் அன்றைக்கு எதையோ இழுத்தாரே, பிள்ளைகளையும் கவனமா வளக்கணும் என்றாரே, அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பூஸ்ட் கலக்கிக் கொடுத்தாளே. அழுகை வந்தது. குமட்டலும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பி வந்ததில் எது முதலில் வரும் என்றே தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

தட்டு அவள் மடிக்கு வந்துவிட்டது. சுளகு உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் தட்டு உட்கார்ந்திருந்தது, லேசாக, குளிர்ச்சியாக. சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய முகம் கலங்கலாகத் தெரிந்தது. “சொல்லுங்கக்கா. நேத்து காலையில?” “காலையில ரெண்டு இட்லி” என்று வாய் தானே ஆரம்பித்தது. நின்றது. பியூலா காத்திருந்தாள். “இல்ல. நேத்து நான் சாப்பிடவே இல்ல.” யாரோ சிரித்தார்கள், இந்த உடம்பை வைத்துக்கொண்டா என்கிற சிரிப்பு, அவளுக்கு அது பழக்கம்தான். “சாப்பிடவே இல்ல, தின்னுட்டுத்தான் இருந்தேன். பயலோட இட்லி, அவ்வோ தோசை ஓரம், அத்தையோட காப்பி, சட்டியில ஒட்டினது, டப்பாவுல வந்தது. எல்லாம் நின்னுக்கிட்டே. வீணாப் போயிருமேன்னு. தட்டே எடுக்கலை நான். தட்டு எடுத்து எத்தனை நாளாச்சுன்னே தெரியலை.” நூர்ஜஹான் அக்கா இப்போது கண்ணைத் திறந்திருந்தாள். “எங்க வீட்டுலயும் அதே கததான்” என்றாள், யாருக்கோ சொல்வது போல. “புள்ளைங்க போட்ட பிரியாணி எலும்பைக்கூட விட மாட்டேன் நான். எறிஞ்சா அல்லாவுக்கு ஆகாதுன்னு.” கோடியில் இருந்த பெண், நான் சொன்னதுலயும் கொஞ்சம் விட்டுப்போச்சும்மா என்று கையைத் தூக்கினாள். பியூலா சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள், தட்டில் அதற்கு எந்த இடத்தில் கோடு போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது. “அதுதான்க்கா நாம சாப்பிடுறதுலயே பெரிய சாப்பாடு” என்றாள் கடைசியில். “குறைச்சு சமைங்க. அப்படியும் மீந்தா மீந்துட்டுப் போகுது. நம்ம வயிறு குப்பைத்தொட்டி இல்ல.” சொல்வது சுலபம், குறைத்துச் சமைத்த அன்றைக்குத்தான் வீட்டுக்கு ஆள் வரும் என்று பிரம்மசக்தி நினைத்தாள். அன்னத்தை எறிந்தால் வீடு விளங்காது என்று அத்தை சொல்வாள், அம்மாவும் சொல்வாள். எறியாத அம்மா மட்டும் விளங்கினாளா? தட்டை நூர்ஜஹான் அக்காவின் மடிக்கு நகர்த்தினாள். தட்டு போன பிறகும் மடி குளிர்ந்தே இருந்தது.

களைப்பாக இருந்தது. உடம்புக் களைப்பு இல்லை, அது தூங்கி எழுந்தால் போய்விடும். இது வேறு. இனி ஒவ்வொரு வாய்க்கும் யோசிக்க வேண்டும், மிச்சம் கிடக்கிற ஒவ்வொரு தட்டையும் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழக வேண்டும், காய் வாங்க வேண்டும், நறுக்க வேண்டும், நடக்க வேண்டும், சுபியையும் இங்கே இழுத்துக்கொண்டு வந்து இதே பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தபோதே தோள் இரண்டும் தொங்கிவிட்டன. எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் பிடிப்பது எவ்வளவோ மேல். தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் கடைசிச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருக்கும். குடம் நிறைந்தால் நிறைந்தது, அதில் சந்தேகம் இல்லை. இங்கே இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்தி ஒரு எண் சொல்வார்கள், அது எதுவாக இருந்தாலும் நாளைக்குக் காலையில் கவின் இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடத்தான் போகிறான். எழுந்தாள். செருப்பைத் துழாவிக் காலை நுழைத்தாள், முதலில் வலது, அப்புறம் இடது. இடது கால் செருப்பு. கட்டிலுக்கு அடியில் மண் படாமல் கிடப்பது. அப்படியே நின்றாள். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. “எங்கட்டி கெளம்பிட்டே?” என்றாள் நூர்ஜஹான் அக்கா. பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

இந்தத் தடவை சுபி. “எம்மா, தண்ணி பிடிச்சிட்டேன். எல்லாக் கொடத்துலயும் பிடிச்சிட்டேன். நீ பைய வருவியாம், ஆச்சி சொல்லச் சொன்னா.” “நீயா தூக்குனே? இடுப்புல வச்சா தூக்குனே?” “ஆமா, பாதிப் பாதியா.” மூச்சு வாங்கிக்கொண்டேதான் பேசினாள், அதில் ஒரு பெருமையும் இருந்தது. “தம்பி சாப்ட்டானாட்டி?” “தோசை சுட்டுக் குடுத்தேம்மா. வழக்கம்போல பிச்சுப் போட்டுட்டு வெளையாடப் போயிட்டான். அதை நாந்தான் தின்னேன். நீ இல்லைல்லா.” “உனக்குன்னு தனியா சுடலியா?” “எதுக்கு? அதுவே வயிறு நெறைஞ்சிட்டு. அடுப்பங்கரையிலயே நின்னுக்கிட்டு தின்னுட்டு தட்டைக் கழுவி வச்சிட்டேன். அப்பா காலையில வச்சிட்டுப் போன உப்புமா பாதி கெடந்துச்சா, அதுலயும் கொஞ்சம் தின்னேன். மீதியை உனக்கு மூடி வச்சிருக்கேம்மா. உனக்குத்தான் மிச்சம்னா பிடிக்குமே.” கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். காற்றாடி சுற்றியது. பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒவ்வொரு டப்பாவையும், ஒவ்வொரு டம்ளரையும், தொட்டி ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மெல்லுகிற அம்மாவையும் பார்த்து, இதுதான் அம்மாவுக்குப் பிடித்தது என்று முடிவு கட்டி, அம்மா இல்லாத அன்றைக்கு அந்த இடத்தில் போய் நின்றுகொண்டிருக்கிறாள். ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. “சுபி.” “என்னம்மா?” “அந்த உப்புமாவை எறிஞ்சிரு.” “என்னது?” “எறிஞ்சிருட்டி. குப்பையில போட்டுரு.” “எம்மா, வீணாப் போயிருமே.” “வீணாப் போட்டும்.” அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையைச் சுபி மட்டுமா, சொன்னவளே இதுவரை கேட்டதில்லை. “பிரம்மசக்தி!” என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். இரண்டாவது ரத்தம். போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், பஞ்சு ஒட்டாத கையை மேஜை மேல் நீட்டினாள். நர்ஸ் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டினாள். “எம்மா,” சுபி இன்னும் வைக்கவில்லை, பயந்த குரலில் கேட்டாள், “நெசமாவே எறியவா?” ஊசி உள்ளே போனது. “நெசமாத்தாண்டி,” என்றாள் பிரம்மசக்தி. “எறிஞ்சிட்டு, ரெண்டு தட்டு எடுத்து வை. நான் வாரேன்.”